ஃப்ரீசரில் வைத்த பாட்டில்

ஆத்தூர்ப் பக்கம் தோட்டத்து வீட்டில் நான் மூத்த மருமகள். ஒன்பது வருஷம் நான் ஒருத்தியே சமைத்த அடுப்படி அது. கொழுந்தனுக்குப் பொண்டாட்டி வந்த மூன்றாம் மாதமே மாமியார், "இனி குழம்ப அவளே வைக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு எரிந்த வயிறு எனக்கு அணையவேயில்லை.

சித்திரை மாதம் ஒருநாள் காலையில் அவள் கண்ணாடிப் பாட்டில் ஒன்றில் வாய்வரைக்கும் தண்ணீர் பிடித்து, மூடியை இறுகத் திருகி ஃப்ரீசரில் வைத்தாள். தோட்டத்திலிருந்து வரும் புருஷனுக்குச் சீக்கிரம் ஜில்லென்று ஆக வேண்டுமாம். பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். நான் பி.எஸ்சி. இயற்பியல் படித்தவள். பாட்டில் உடையும் என்று தெரியும். தலை நிமிராமல் உரித்தேன். கொழுந்தன் வரத் தாமதமானது. அவள் பாட்டிலை மறந்துபோனாள். நான் மறக்கவில்லை.

சாயங்காலம் ஞாபகம் வந்து கையை விட்டாள். உடைந்த சில்லு ஐஸோடு ஒட்டியிருந்தது. இழுத்த வேகத்தில் ஆள்காட்டி விரலின் அடியில் ஆழமாக இறங்கிவிட்டது. செம்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்த் தையல் போட்டு வந்தார்கள்.

"தண்ணி வைக்கக்கூடத் தெரியல. என்னத்தச் சொல்லி வளத்தாகளோ," என்றார் மாமியார். கேட்க எனக்கு இனித்தது.

"குளுந்தா எல்லாம் சுருங்கத்தான மதினி செய்யும்? இது எப்படி உடைச்சுச்சு?" என்று கொழுந்தன் கேட்டார்.

அந்த வீட்டில் என் படிப்பை ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. நிதானமாகச் சொன்னேன். "மத்ததெல்லாம் குளுந்தா நெருங்கி நிக்கும். தண்ணி உறையும்போது அதோட துகள் ஒவ்வொண்ணும் சுத்தி நாலு துகளைப் பிடிச்சுக்கிட்டு, எட்டி எட்டித்தான் நிக்கும். நடுவுல காலி எடம் விழுந்துரும். அதே தண்ணிக்கு அப்பக் கூடுதலா எடம் வேணும். பாட்டில்ல எடம் விடலைன்னா கண்ணாடிய உடைச்சிரும்."

கட்டுப்போட்ட கையை மடியில் வைத்தபடி அவள் என்னைப் பார்த்தாள். "அக்கா, நான் வைக்கையில நீங்க அங்கனதான இருந்தீக?"

"நான் கவனிக்கல," என்றேன்.



விரலை மடக்கும் தசைநாண் அறுந்திருந்தது. அந்த விரல் அப்புறம் மடங்கவேயில்லை. ஊருக்கே ரவிக்கை தைத்தவள் தையல் மெஷினை மூடிவைத்தாள். அரிவாள்மனையில் காய் நறுக்கவும் கை ஒத்துழைக்கவில்லை. சமையல் திரும்ப என்னிடமே வந்தது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அடுத்த வருஷம் அவர்கள் தனிக்குடித்தனம் போனார்கள். விசேஷ வீடுகளில் பார்த்தால் இப்போதும், "நல்லா இருக்கீகளாக்கா" என்று அவள்தான் முதலில் கேட்பாள். கையைப் பார்க்காமல் முகத்தை மட்டும் பார்த்துப் பேச நானும் பழகிவிட்டேன்.