சிஸ்டரின் இடது பக்கம்

சைக்கிள் என்றால் சிஸ்டருக்கு உயிர். சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. பத்து வயதில் அப்பாவின் சைக்கிளைத் திருட்டுத்தனமாக எடுத்து, பாருக்குக் கீழே காலை நுழைத்து அரைப் பெடல் போட்டு, முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வந்து, அதற்கு அடியும் வாங்கி, மறுநாளே மறுபடி எடுத்தவள். கல்யாணத்துக்கு முன் அவள் போட்ட ஒரே நிபந்தனை, சைக்கிளை விடமாட்டேன் என்பதுதான். தையல்காரரான கணவர் சீட்டுக்கு ஓர் உறை தைத்துக் கொடுத்துவிட்டார்.

சுகாதார நிலையத்தில் நர்ஸாகச் சேர்ந்ததும், வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். மற்றவர்கள் ஆளை விடுங்கள் என்று ஓடிய வேலை அது. முப்பத்தோரு வருஷமாக, மருந்துப் பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு, வெயிலோ மழையோ ஓட்டினாள். வயது ஐம்பத்தாறு ஆகிவிட்டது. இறக்கத்தில் பெடலை விட்டுவிட்டுப் போகும்போது மட்டும் இன்னும் வாயெல்லாம் பல்.

பயம் எட்டு மாதம் முன்னால் வந்தது. கதவு நிலையில் இடது தோள் இடித்தது. மேஜையில் இடது பக்கம் இருந்த தம்ளரைத் தட்டிவிட்டாள். ஒருநாள் காலை, பால்காரர் எங்கிருந்தோ முளைத்தது போலப் பக்கத்தில் வந்து நின்றார். வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, வலது கண்ணை மூடிக்கொண்டு, இடது கையை ஓரமாக நீட்டி விரலை ஆட்டிப் பார்த்தாள். விரலைக் காணோம். கையை முன்னால் கொண்டுவந்தாள். காணோம். கிட்டத்தட்ட முகத்துக்கு நேரே வந்த பிறகுதான் விரல் தெரிந்தது.

அது என்னவென்று ஒரு நர்ஸுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கண்ணில் அழுத்தம் ஏறிப் பார்வையை ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வருகிறது. போனது திரும்பாது. மருந்து போட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம். ஆனால் மருந்துக்கு டாக்டரிடம் போனால், அவர் முதலில் சொல்வது "சைக்கிளைத் தொடாதீங்க" என்பதாகத்தான் இருக்கும். அதைக் கேட்க அவளுக்குத் தைரியமில்லை.

அந்த வருஷம் ஊழியர்களுக்கான பரிசோதனை வந்தது. எழுத்துப் பலகையைக் கடகடவென்று வாசித்துவிட்டாள், நேர்ப்பார்வைக்குக் குறைவில்லை. அடுத்து டாக்டர் எதிரே உட்கார்ந்து ஓரத்தில் விரலை ஆட்டுவார், தெரிந்தால் சொல்ல வேண்டும். டாக்டருக்கு ஒரு பழக்கம் உண்டு. விரலை ஆட்டும்போது தன்னையறியாமல் அந்தப் பக்கம் சாய்வார், நாற்காலி கிறீச்சிடும். நோயாளிகள் பக்கத்தில் நின்று அதை ஆயிரம் தடவை கேட்டவள் சிஸ்டர். கிறீச். "தெரியுது டாக்டர்." கிறீச். "தெரியுது."

"உங்களுக்கென்ன சிஸ்டர், கழுகுக் கண்ணு!" என்று டாக்டர் கையெழுத்துப் போட்டார். வெளியே குழாயில் முகம் கழுவும்போது அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. அப்படியும் சைக்கிளில்தான் வீட்டுக்குப் போனாள். என்ன சொல்வது!

அதற்குப் பிறகு ஒவ்வொரு தெருவும் கண்டம்தான். நொடிக்கொரு தரம் தலையை இடது பக்கம் திருப்புவாள். விடாமல் மணியடிப்பாள். "என்ன சிஸ்டர், தீயணைப்பு வண்டியா?" என்று கடைக்காரர்கள் கேலி செய்தால் சிரித்து வைப்பாள். கைப்பிடி வியர்வையில் வழுக்கும். சந்து திரும்பும்போதெல்லாம் உயிரைக் கையில் பிடித்துக்கொள்வாள். தன் உயிரைப் பற்றித்தான் பயந்தாள், அதுவரை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இடது பக்கத்திலிருந்து ஓர் அலறல் கேட்டது. பிரேக்கை இறுக்கித் திரும்பினாள். முன்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி இரண்டு வயதுக் குழந்தை நின்றது. ஒரு பெண் பாய்ந்து வந்து அதை வாரி எடுத்தாள். அந்தச் சந்தின் கடைசி வீட்டு மருமகள் அவள். அவளுடைய மாமியார் காலில் இருக்கும் ஆறாத புண்ணுக்குச் சிஸ்டர்தான் கட்டு மாற்றுகிறாள்.

"ஐயோ சிஸ்டர், என் தப்புதான்! கைய விட்டுட்டேன். உங்களையும் விழ வச்சிருப்பேனே!"

சிஸ்டர் வாயைத் திறந்தாள். உண்மை தொண்டை வரைக்கும் வந்தது. வெளியே வந்தது வேறு.

"பாத்து வச்சுக்கம்மா. பிள்ளைன்னா ஓடத்தானே செய்யும்."

இரண்டு நாள் கழித்து அந்த வீட்டுக்குக் கட்டு மாற்றப் போனாள். உள்ளே நுழைந்ததும் கால் நின்றுவிட்டது. குழந்தையின் இடுப்பில் ஒரு பழைய துணியைக் கட்டி, மறுமுனையை ஜன்னல் கம்பியில் முடிந்திருந்தார்கள். அது துணியை இழுத்து இழுத்துப் பார்த்துச் சிணுங்கிக்கொண்டிருந்தது.

"கையில இருந்த பிள்ளைய விட்டுட்டு பராக்குப் பாத்திருக்கா," என்றாள் மாமியார், காலை நீட்டியபடி. "ஏதோ ஓட்டினது நீங்களா இருந்ததால பிள்ளை தப்பிச்சுது. இவள நம்பி எப்படி விடுறது? பிள்ளை என் மக வீட்டுல கொஞ்ச நாள் இருக்கட்டும்னு சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை கொண்டுபோய் விடுறான் என் மகன்."

மருமகளின் கண் வீங்கியிருந்தது. வெந்நீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "கண்ண மூடினா சக்கரந்தான் தெரியுது சிஸ்டர்," என்றாள் மெதுவாக. "நான் பிள்ளை வளக்க லாயக்கில்லையோன்னு எனக்கே பயமா இருக்கு."

சிஸ்டர் புண்ணைத் துடைத்தாள். மருந்து தடவினாள். சொன்னால் சைக்கிள் போய்விடும், பொய் சொல்லிக் கையெழுத்து வாங்கியதற்கு வேலையும் போகலாம். துணிச்சுருளை மெதுவாக, மிக மெதுவாகச் சுற்றினாள். சுற்றி முடிந்தது. பிளாஸ்டரும் ஒட்டியாகிவிட்டது. இனி கைக்கு வேலை இல்லை.

"தப்பு உன்னோடது இல்லம்மா," என்றாள். "எனக்கு இடது பக்கம் கண்ணு தெரியாது. நீ கத்தலேன்னா பிள்ளை மேல ஏத்தியிருப்பேன்."

மாமியார் சிரிக்கப் பார்த்தாள். "அவளக் காப்பாத்துறதுக்காகச் சொல்றீங்களா சிஸ்டர்?"

"இல்லம்மா. எட்டு மாசமா தெரியாது. தெரிஞ்சேதான் ஓட்டினேன்."

மருமகள் ஜன்னலிடம் போய்க் குழந்தையின் இடுப்பு முடிச்சை அவிழ்த்தாள். இறுகிப்போயிருந்தது; பல்லால் கடித்து இழுத்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு, சிஸ்டரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு உள்ளறைக்குப் போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

சிஸ்டர் வெளியே வந்து ஸ்டாண்டை எடுத்தாள். கால் தானாகப் பெடலுக்குப் போனது. அதைக் கீழே இறக்கினாள். உருட்டிக்கொண்டு நடந்தாள்.

"பஞ்சரா சிஸ்டர்?" என்றார் முதல் கடைக்காரர்.

ஆமாம் என்று சொல்லிவிட்டால் நாளைக்கே ஏறிவிடுவாள். தன்னைப் பற்றி அவளுக்கு அவ்வளவு தெரியும்.

"இல்லண்ணே. எனக்குக் கண்ணு தெரியல. இனிமே என்னை இதுல பாத்தா இறக்கி விட்டுருங்க."

அடுத்த கடையில் கேட்டார்கள், அங்கேயும் சொன்னாள். கேட்காதவர்களையும் கூப்பிட்டுச் சொன்னாள். வீடு வருவதற்குள் பதினோரு பேரிடம் சொல்லியாகிவிட்டது. வாசலில் நின்ற கணவரும் "பஞ்சரா?" என்றுதான் கேட்டார். அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. கைப்பிடியை விடாமல் நின்ற இடத்திலேயே அழுதாள்.