ஏலமலைக் குல்லாவும் கோலாலம்பூர் வெயிலும்

முப்பத்துமூன்று டிகிரி. கோலாலம்பூரில் அன்று அடித்த வெயில் அது.

ஏலக்காய் பறிக்கப் பதினொரு வருடம் போடியிலிருந்து மலைக்கு ஜீப்பேறியவள் பாண்டீஸ்வரி. ஊரைத் தாண்டினாலே குளிரும் என்பது அவள் கண்ட உலகம். அதனால் ஐந்து மாதப் பிள்ளைக்குக் குல்லாவுக்கு மேல் குல்லா, ஸ்வெட்டர், கையுறை, காலுறை என்று மாட்டித்தான் விமானம் ஏறினாள்.

விமான நிலையத்துக்கு வெளியே வந்ததும் பிள்ளை முகம் சிவந்து, பால் குடிக்காமல் கதறியது. காய்ச்சல் என்று பயந்துபோனாள்.

"ஆசுபத்திரிக்கு வண்டியப் பிடிங்க, வெரசா!"

அழைத்துப்போக வந்திருந்த கணவன் பிரபு பிள்ளையைத் தொட்டுப் பார்த்தான்.

"ஏ புள்ள, எம்மகன ஏலக்கா பறிக்கவா கூட்டியாந்த? மொதல்ல எல்லாத்தையும் கழத்து."

"ஊரு விட்டு ஊரு வந்தா குளிரும்ல?"

முறைத்துக்கொண்டே கழற்றினாள். பிள்ளை பால் குடித்தது.

கழற்றிய கம்பளி உருப்படி ஏழு.