தைல மரத்தில் நான் உட்கார வைத்த கோலா

மாமியாரோடு வீடியோ காலில் பேச என்னிடம் மொத்தம் மூன்று கேள்விகள்தான் உண்டு. சாப்பிட்டீங்களா, அங்கே வெயிலா, கால் வலி எப்படி இருக்கு. மூன்றும் ஒன்றரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதற்குள் என் மனைவி அடுப்படியிலிருந்து திரும்பி வரமாட்டாள். மிச்ச நேரம் திருச்சியில் அவரும் ஆக்லாந்தில் நானும் ஒருவர் நெற்றியை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்போம். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த மௌனம் தாங்காமல் வாயைத் திறந்தேன்.

"பின்னாடி தைல மரத்துல ஒரு கோலா வந்து உட்கார்ந்திருக்கு அத்தை."

எங்கள் வீடு ஆக்லாந்தின் பிளாட் புஷ் பகுதியில் இருக்கிறது. பின்னால் தைல மரம் என்ன, மரமே கிடையாது. துணி காயப்போடும் கம்பியும், நட்ட நாளிலிருந்து காய்க்காத ஒரு எலுமிச்சைச் செடியும்தான். கரடிக்குட்டி போலிருக்கும் அந்தக் கோலாவோ நியூசிலாந்துக் காடுகளில் எங்கேயும் கிடையாது. அதைப் பார்க்கக் கடல் தாண்டி ஆஸ்திரேலியா போகவேண்டும். எல்லாம் தெரிந்துதான் சொன்னேன். அவர் சிரிப்பார், நானும் சிரிப்பேன், அதற்குள் மனைவி வந்துவிடுவாள் என்பது என் நினைப்பு.

அவர் சிரிக்கவில்லை. நெற்றி மட்டும் தெரிந்த திரையில் முழு முகமும் வந்தது.

"நிஜமாவா மாப்பிள்ளை? என்ன பண்ணுது?"

"தூங்குது அத்தை."

மாமியார் அரசுப் பள்ளியில் முப்பது வருடம் விலங்கியல் நடத்தியவர். வயிற்றுப் பையில் குட்டியைச் சுமக்கும் பிராணிகளைப் பற்றிய பாடத்தை ஒரே ஒரு சுவர்ப்படத்தை வைத்துக்கொண்டு, அதில் கங்காருவின் வாலைக் கரையான் தின்ற பிறகும், விடாமல் நடத்தியவர். ஓய்வு பெற்ற ஆசிரியர்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. அதில் வேதியியல் வாத்தியார் ஒருவர், "நான் அமிலத்தை ஊத்திக் காட்டினேன் டீச்சர், நீங்க பார்க்காத மிருகத்தை வச்சே முப்பது வருஷம் ஓட்டிட்டீங்க" என்று சீண்டுவாராம். ஒரு கோலாவையாவது கூண்டில் இல்லாமல் மரத்தில் பார்த்துவிட்டு, அந்தக் குழுவில் போய்ச் சொல்லவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. எனக்கு எல்லாமே பின்னால்தான் தெரியும்.

அவர் யோசிக்காமல் நம்பிவிடவில்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து பொசம் என்ற மரமேறும் பிராணியை வெள்ளைக்காரர்கள் இங்கே கொண்டுவந்து விட்டதை அவர் படித்திருந்தார். தைல மரமும் அங்கிருந்து வந்ததுதான். இரண்டும் வந்தபோது கோலா வந்திருக்காதா? தர்க்கத்தில் பிழையில்லை. மாப்பிள்ளையில்தான் பிழை.

அதன்பின் வாராவாரம் கோலா நலம் விசாரிப்புதான்; கேட்டதை அவர் ஆசிரியர் குழுவிலும் சொல்லிவிட்டாராம். நானும் வாராவாரம் "தூங்குது" என்றேன். இந்தப் பிராணியிடம் எனக்குப் பிடித்ததே அதுதான். யானை என்று புளுகியிருந்தால் அதை நடக்கவிட வேண்டும், பிளிறவிட வேண்டும். கோலா ஒரு நாளில் பதினெட்டு, இருபது மணி நேரம் தூங்குமாம். புளுகுகிறவனுக்கு இவ்வளவு ஒத்துழைக்கும் ஜீவன் வேறில்லை. எட்டு மாதம் இப்படியே ஓடியது. ஒன்பதாம் மாதம் மாமியாருக்கு மூன்று மாத விசா கிடைத்தது.

"நீங்கதானே ஏத்திவிட்டீங்க, நீங்களே இறக்குங்க" என்று சொல்லிவிட்டு மனைவி ஒதுங்கிக்கொண்டாள்.

விமான நிலையத்தில் மாமியார் தள்ளிக்கொண்டு வந்த பெட்டியில் எனக்கு முறுக்கில்லை, ஊறுகாயில்லை. புதிதாக வாங்கிய ஒரு பைனாகுலர் இருந்தது. மறுநாள் விடிந்ததும் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பின்பக்கக் கதவைத் திறந்தார். துணிக்கம்பியைப் பார்த்தார். எலுமிச்சைச் செடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

உண்மையைச் சொல்ல அதுதான் நல்ல நேரம். அப்படிப்பட்ட நேரங்களில் என் வாய் எனக்கு முன்னால் ஓடிவிடும்.

"மரத்தை வெட்டிட்டாங்க அத்தை. அது பக்கத்துப் பூங்காவுக்குப் போயிடுச்சு."

ஆரம்பித்தது வினை. ஆபீஸில் நான் கணினி முன்னால் உட்கார்ந்து முதுகு கூன் போட்டவன்; மாமியார் வந்தபின் தினமும் காலை ஏழு மணிக்குத் தலையை அண்ணாந்தபடி நடக்கவேண்டியதாயிற்று. பிளாட் புஷ் பூங்கா, மனுகாவ் பக்கம் ஒன்று, பாபடோயிட்டோயில் மளிகை வாங்கப் போகும் வழியில் ஒன்று. எங்கே தைல மரத்தைக் கண்டாலும் காரை நிறுத்தச் சொல்வார். அடிமரத்தில் நகக்கீறல் இருக்கிறதா என்று தடவுவார். கீழே புழுக்கை தேடுவார். நாயோடு நடக்கும் வெள்ளைக்காரர்கள் எங்களைப் பார்த்துப் பரிவோடு புன்னகைத்துவிட்டுப் போவார்கள்.

ஒரு நாள் ஓர் இலையைக் கசக்கி என் மூக்கருகில் நீட்டினார். "இந்த இலையில விஷம் இருக்கு மாப்பிள்ளை. வேற பிராணி தின்னா தாங்காது. கோலாவோட கல்லீரல் அதைச் சமாளிச்சிடும். ஆனா சத்து கிடையாது. அதைச் செரிக்கவே இருக்கிற தெம்பெல்லாம் போயிடுது. அதனாலதான் அப்படித் தூங்குது. சோம்பேறித்தனம் இல்ல."

கடைசி வார்த்தையை என்னைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

இத்தனை மரம் பார்த்தாயிற்றே, இல்லையென்று முடிவு கட்டிவிடுவார் என்று நம்பினேன். அவர் கட்டிய முடிவு வேறு. தைல மரத்தில் பல நூறு வகை உண்டாம். கோலா அதில் ஒரு சிலதை மட்டும்தான் தொடுமாம். "நாம தப்பான மரமா பார்த்துட்டிருக்கோம்" என்றார். பூங்காக்களின் பட்டியல் நீண்டது. எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. என் பொய்க்கு நானே தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதுவும் யூகலிப்டஸ் தைலம்.

பத்தாம் நாளோ பதினோராம் நாளோ, மாமியார் ஒரு டிஷ்யூ பேப்பரைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் விரித்தார். நான் தோசையைப் பாதி தின்றிருந்தேன். பேப்பரில் நாலைந்து புழுக்கைகள்.

"வேலியோரம் கிடந்துச்சு. கோலாவோடதா இருந்தா தைல வாசனை வரணும். வரல."

"அத்தை, மேசையில..."

"மோந்து பாருங்க மாப்பிள்ளை."

நான் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தேன். அவர் வேலியோரம் போனார். பக்கத்து வீட்டுக்காரர் மன்னாரிலிருந்து வந்தவர், எலக்ட்ரீசியன். தன் பிளம் மரத்தடியில் பொறி ஒன்றைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"தம்பி, இது என்னதுன்னு தெரியுமா?"

அவர் எட்டிப் பார்த்தார். "இது பொசமின்ர புழுக்கை அம்மா. இரவில வந்து என்ர பிளம்ஸ் எல்லாம் திண்டு முடிக்குது. அதுக்குத்தான் இந்தப் பொறி."

"அப்ப கோலா?"

"கோலாவோ? அது ஒஸ்ரேலியாவில எல்லோ!"

"இங்க காட்டுல கூடக் கிடையாதா?"

"இல்லை அம்மா, ஒண்டும் இல்லை. ஆர் உங்களுக்குச் சொன்னது இருக்கெண்டு?"

வேலிக்கு இந்தப் பக்கம் நான் எலுமிச்சைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். மழை பெய்துகொண்டிருந்தது.

மாமியார் திட்டியிருந்தால் தேவலாம். மாப்பிள்ளையைத் திட்டும் வழக்கம் அவர்கள் வீட்டில் கிடையாது. அதற்குப் பதில் மத்தியானம் எனக்கு இன்னும் ஒரு கரண்டி நெய் ஊற்றினார். அதையும் விழுங்கினேன். பைனாகுலரைத் துடைத்து, உறையில் போட்டு, பெட்டியின் அடியில் வைத்துவிட்டார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு விரலால் தட்டித் தட்டி, ஆசிரியர் குழுவுக்கு எழுதினார். மனைவி எனக்குக் காட்டினாள்.

"நியூசிலாந்தில் கோலா காடுகளில் வாழ்வதில்லை. நான் முன்பு சொன்னது தவறு. திருத்திக்கொள்ளவும்."

மாப்பிள்ளை என்ற சொல்லே அதில் இல்லை. முப்பது வருடம் மற்றவர்கள் தப்புக்குச் சிவப்பு மையில் சுழித்தவர், என் தப்பைத் தன் தப்பென்று எழுதியிருந்தார். கீழே வேதியியல் வாத்தியார் வரிசையாகச் சிரிக்கும் பொம்மைகளைப் போட்டிருந்தார்.

"ஆஸ்திரேலியா கூட்டிட்டுப் போங்க" என்றாள் மனைவி. நானும் அதையேதான் நினைத்தேன். ஆனால் நினைப்புக்கு விசா வேண்டாம், போவதற்கு வேண்டும். நான் நியூசிலாந்து பாஸ்போர்ட்காரன். பையைத் தூக்கினால் போய்விடலாம். மாமியாருடையது இந்திய பாஸ்போர்ட். விண்ணப்பத்தில் பக்கம் பக்கமாகக் கேள்வி. ஓய்வூதியத் தாள் திருச்சி பீரோவில் இருந்தது. பீரோ சாவி இவர் கைப்பையில் இருந்தது; பூட்டைத் திறக்க அங்கே ஆள் பிடித்துத் தாளைப் படமாக வரவழைத்தோம். அந்த ஃபைலை இணையத்தில் ஏற்றினால் அளவு பெரிது என்றது. சுருக்கினால் எழுத்து தெரியவில்லை என்றது. நாளெல்லாம் கணினியோடு மல்லுக்கட்டிச் சம்பளம் வாங்குகிறவன், அந்த ஒரு பக்கத்தை ஏற்ற மூன்று சாயங்காலம் அழுதேன்.

பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் 'சுற்றுலா' என்று தட்டினேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"கோலா பார்க்கன்னு போடுங்க மாப்பிள்ளை. இதையாவது சரியா எழுதுவோம்."

போட்டேன். பிறகு தினமும் மின்னஞ்சலைத் திறந்து பார்ப்பதே வேலை. மாமியார் ஒன்றுமே கேட்கமாட்டார். காபி டம்ளரை வைத்துவிட்டு ஒரு நொடி கூடுதலாக நிற்பார், அவ்வளவுதான். அவர் ஊர் திரும்ப இரண்டு வாரம் இருக்கும்போது விசா வந்தது. இருந்த கடைசி லீவை எடுத்தேன். மனைவிக்கு அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் லீவில்லை. நானும் மாமியாரும் மட்டும் மெல்போர்ன் போய் இறங்கி, வாடகைக் காரில் கடலோரமாகப் போனோம். காருக்குள் என் மூன்று கேள்விகள் ஊர் எல்லையிலேயே தீர்ந்துவிட்டன.

முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் ஒரு காபிக் கடைப் பெண், கிளை பிரியும் கவட்டையைப் பாருங்கள், அங்கேதான் குந்தியிருக்கும் என்றாள். பதினைந்து நிமிடத்தில் மாமியார் காரை நிறுத்தச் சொன்னார். உயரத்தில், கவட்டையில், சாம்பல் நிறத்தில் ஒரு மூட்டை. முதுகை எங்களுக்குக் காட்டிக்கொண்டு தூங்கியது. நான் ஒரு படம் எடுத்தேன். அவர் பைனாகுலரைக் கண்ணில் வைத்தார்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. மூட்டை மூட்டையாகவே இருந்தது. தனியாக வாழும் பிராணி என்றார். தண்ணீரே அதிகம் குடிக்காது, இலையில் இருக்கும் ஈரம் போதும் என்றார். முன்னங்காலில் இரண்டு கட்டைவிரல், மரத்தைப் பிடிக்க அதுதான் வசதி என்றார். இரண்டு மணி நேரமாயிற்று. வெயில் என் மண்டையில் இறங்கியது.

"பார்த்தாச்சே அத்தை, கிளம்பலாமா?"

கண்ணை எடுக்காமல் பதில் சொன்னார். "தூங்கறதைத்தான் எட்டு மாசமா நீங்க சொல்லிட்டிருந்தீங்களே. நான் அது தின்னறதைப் பார்க்கணும்."

காருக்குப் பக்கத்தில் நிழலில் உட்கார்ந்தேன். கொஞ்சம் சாய்ந்தேன்.

விழித்தபோது அவர் பைனாகுலரை உறையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"எழுந்துச்சு மாப்பிள்ளை. கையை நீட்டி ஒரு இலையை இழுத்துச்சு. மோந்து பார்த்துட்டு விட்டுடுச்சு. இன்னொண்ணை மோந்துச்சு, அதையும் விட்டுச்சு. மூணாவதைத்தான் தின்னுச்சு. மோந்து பார்த்துத்தான் பொறுக்கும்னு வருஷா வருஷம் போர்டுல எழுதிப் போட்டிருக்கேன்... அப்படியே பண்ணுச்சு."

மரத்தைப் பார்த்தேன். மூட்டை.

"படம் எடுத்தீங்களா அத்தை?"

"பைனாகுலரை இறக்கினாத்தானே படம் எடுக்க? எப்படி இறக்குவேன்?"

"என்னை எழுப்பியிருக்கலாமே!"

"அசந்து தூங்கினீங்க. குறட்டை வேற. ஆண் கோலா அப்படித்தான் உறுமுமாம், படிச்சிருக்கேன். அதைக் கேட்டுத்தான் அது முழிச்சுதோ என்னமோ."

ஆக்லாந்து திரும்பிய ஞாயிற்றுக்கிழமை, ஆசிரியர் குழுவே வீடியோ காலில் கூடியது. சின்னச் சின்னக் கட்டங்களில் ஏழெட்டு நெற்றிகள். மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்து, வகுப்பெடுக்கும் குரலில், மூன்று இலைக் கதையையும் சொன்னார். நான் எடுத்த படத்தையும் அனுப்பியிருந்தார். வேதியியல் வாத்தியார் அதை உற்றுப் பார்த்தார்.

"டீச்சர், இது யாரோ மரத்துல மாட்டின சாக்கு மூட்டை மாதிரி இருக்கே. தின்னுச்சுங்கறதுக்கு சாட்சி?"

"என் மாப்பிள்ளை கூடவே இருந்தார். அவரையே கேளுங்க."

போன் என் பக்கம் திரும்பியது. அத்தனை நெற்றிகளும் என்னைப் பார்த்தன. நான் திருந்திய மனிதன். மேசையில் புழுக்கை பார்த்தவன், நெய் விழுங்கியவன். இனி இந்த விஷயத்தில் ஒரு பொய்கூடச் சொல்வதில்லை என்று மனதுக்குள் சத்தியம் செய்திருந்தேன்.

"சார், அந்த நேரத்துல நான் தூங்கிட்டேன்."

திருச்சியே சிரித்தது. வேதியியல் வாத்தியார் கட்டத்தை விட்டு வெளியே சாய்ந்து சிரித்தார். மாமியார் எல்லோருக்கும் வணக்கம் சொல்லி, அழைப்பை முடித்து, போனை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"மாப்பிள்ளை."

"அத்தை."

"எட்டு மாசம் வாராவாரம் வாய் கூசாமச் சொன்னீங்க. இன்னிக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லியிருக்கக் கூடாதா?"