இஞ்சை என்றாள், இஞ்சி என்று கேட்டேன்

என் மனைவிக்கு மாரடைப்பு வந்த காலையில் நான் அவளுக்கு இஞ்சி இடித்துக் கொடுத்தேன். அந்தத் தாமதத்தில் அவள் இதயத்தசையின் ஒரு பகுதி செத்துப்போனது. இஞ்சியின் மகிமையைத் தேடி இதைப் படிக்க வந்தவர்கள் இந்த இடத்திலேயே எழுந்து போகலாம்.

நான் விஞ்ஞானம் படிப்பித்தவன். ஓய்வு பெற்று, படகில் மட்டுமே போகக்கூடிய என் ஊரான அனலைதீவுக்குத் திரும்பியபின், படிப்பிக்க ஆளில்லாமல் இஞ்சியைப் பிடித்துக்கொண்டேன். படகில் வரும் குமட்டலுக்கு ஒரு துண்டு உதவும். செமிபாட்டுக்கும் கொஞ்சம் நல்லது. கறியிலும் சம்பலிலும் தேத்தண்ணியிலும் ருசி தரும். உண்மை அவ்வளவுதான். நானோ ஊரார் கூடும் சனசமூக நிலையத்தில் நின்று, அதை மூட்டுவலிக்கும் நெஞ்சடைப்புக்கும் நீட்டினேன். கனடாவிலிருந்து மைத்துனர் அனுப்பும் வட்சப் குப்பைக்கு மேலே 'ஆய்வுகள் கூறுகின்றன' என்று ஒரு வரி சேர்த்து ஊருக்கெல்லாம் அனுப்பினேன். எந்த ஆய்வு என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் தெரியாது.

அன்று விறாந்தைக் கதிரையில் கைத்தொலைபேசியோடு இருந்தேன். அறைக்குள்ளிருந்து மனைவி பரமேஸ்வரி மெல்லிய குரலில், "இஞ்சை... இஞ்சை..." என்றாள். எங்கள் பேச்சில் இஞ்சை என்றால் இங்கே. எனக்கு இஞ்சி என்று கேட்டது. எட்டியும் பாராமல் இஞ்சி இடிக்கக் குசினிக்குப் போனேன். கடைசியில் இவளும் என் வழிக்கு வந்துவிட்டாள் என்ற பெருமை வேறு.

சாற்றோடு போனபோது அவள் முகம் வேர்த்திருந்தது.

"நான் இஞ்சி கேக்கேல்லை. இஞ்சை நோகுதெண்டு சொன்னனான்," என்று தாடையைத் தொட்டுக் காட்டினாள்.

"வாய்வு ஏறினால் அங்கையும் நோகும். குடியும்."

குடித்தாள். ஓர் ஏப்பம் வந்தது.

"பாத்தீரோ? வாய்வுதான்."

அந்த ஏப்பத்தை நம்பி, ஆஸ்பத்திரிக்குப் போகக்கூடிய காலைப் படகைப் போகவிட்டேன். மதியம் அவள் குடித்ததையெல்லாம் சத்தியெடுத்துச் சரிந்தபின், பக்கத்து வீட்டாரின் மீன்பிடிப் படகில் ஏற்றி ஊர்காவற்றுறைக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்து அம்புலன்ஸ்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. (இதயத்தின் மின்துடிப்பைப் பதியும் சோதனை) எடுத்த வைத்தியர் என் மகள் வயதுப் பெண்.

"காலமை தொடங்கினதெண்டால் இவ்வளவு நேரமும் என்ன செய்தனீங்கள்?"

"இஞ்சி குடுத்தனான்."

அவர் ஏசவில்லை. "பொம்பிளையளுக்கு நெஞ்சு நோகாமலும் மாரடைப்பு வரும், ஐயா. தாடை நோ, தோள் நோ, வேர்வை, சத்தி, மூச்சிளைப்பு. இப்பிடி வந்தால் உடனை ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடவேணும்," என்றார், பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வதுபோல.

ஸ்டென்ட் (அடைபட்ட இரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்தார்கள். உயிர் தப்பியது. ஆனால் இதயச் செயலிழப்பு (இரத்தத்தைப் போதியளவு தள்ள இதயத்துக்கு ஏலாத நிலை) தங்கிவிட்டது. கிணற்றடியிலிருந்து குசினிக்கு வருவதற்குள் அவள் நடுவில் நின்று மூச்சு வாங்குகிறாள்.

வீடு திரும்பியதும் வீட்டு வளவில் நட்டிருந்த இஞ்சியை எல்லாம் பிடுங்கினேன்.

"இஞ்சி உங்களை என்ன செய்தது? சம்பலுக்கு ஒரு துண்டை வையுங்கோ," என்றாள். கறிக்குப் போடலாம், ஆனால் இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை குடிப்பதால் சாறாகக் குடிக்க வேண்டாம் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். என்னைவிட அவளுக்கு அது நன்றாக நினைவிருந்தது.

பிறகு அதே சனசமூக நிலையத்தில் எழுந்து நின்று நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். நான் சொன்னவை பொய், அனுப்பியவை குப்பை என்றேன். பின்வரிசையில் ஒருவர் எழும்பினார்.

"அப்ப மாஸ்டர், பச்சை இஞ்சிதான் கூடாது. சுக்கு நல்லது, என்ன?"

பலர் தலையாட்டினார்கள். சில நாட்களில் நெஞ்சடைப்புக்குச் சுக்கு என்று ஒரு செய்தி என் கைத்தொலைபேசிக்கே வந்தது, கீழே என் பெயரோடு. நான் வளர்த்த மந்தை அது. குறை சொல்ல எனக்கு வாயில்லை.

பரமேஸ்வரிக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்தாள். சிரித்ததில் மூச்சிளைப்பு வந்து, "இஞ்சை..." என்று கையை நீட்டினாள். சொல் முடியுமுன் பக்கத்தில் நின்றேன்.

விறாந்தைக் கதிரைக்கும் அவள் கட்டிலுக்கும் நாலைந்து எட்டு இருக்கும். அன்று அதைக் கடக்க எனக்கு ஒரு காலை முழுவதும் பிடித்தது.