பக்கத்து சீட்டு பிரேக்

டிரைவிங் மாஸ்டரின் மகள் வெளிநாட்டில் படிப்பை மூட்டை கட்டி வைத்துவிட்டு லாரி ஓட்டுகிறாள் என்று தெருவில் பேச்சு. சலவைக்கடையில் கேட்டால் பத்து சக்கர லாரி. முடிதிருத்தும் கடையில் பதினாறு. காய்கறிக்கடைக்கு வந்து சேர்வதற்குள் அந்த லாரி ஒரு பாலத்தின் விளிம்பில் நின்று ஆற்றை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பெண் மட்டும் தெய்வாதீனமாகத் தப்பியிருந்தாள். இன்னும் இரண்டு கடை தள்ளிப் போயிருந்தால் கப்பலே ஓட்டியிருப்பாள்.

இந்த மாதிரிப் பேச்சை விசாரிக்க ஒரே வழி, சக்கரங்கள் குறைந்துகொண்டே வரும் திசையில் நடப்பதுதான். அப்படி நடந்தால் பதினாறு பத்தாகி, பத்து ஆறாகி, கடைசியில் நாலே சக்கரத்தோடு மருந்துக்கடை வாசலில் வந்து நிற்கிறது.

மருந்துக்கடைக்காரர் நல்ல மனிதர். எந்த ரகசியத்தையும் ஒரே ஒரு ஆளிடம்தான் சொல்வார். ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு ஆள். அவருக்கு இதைச் சொன்னது மாஸ்டரின் மனைவியேதான். கணவரின் முழங்கால் வலிக்குக் களிம்பு வாங்க வந்த இடத்தில் மனசு தாளாமல் சொல்லிவிட்டார்.

"பொண்ணு அங்க வண்டி ஓட்டறாண்ணே. காலேஜ் வேனு. லைசென்ஸும் வாங்கிட்டா. இவர் காதுக்கு மட்டும் போயிடக் கூடாது."

"என் வாயால போகாதும்மா."

மனிதர் வாக்குத் தவறவில்லை. மாஸ்டரின் காதைத் தவிர மற்ற எல்லாக் காதுக்கும் போயிற்று.

மகள் கார் ஓட்டினால் சந்தோஷப்பட வேண்டியவர்தானே டிரைவிங் மாஸ்டர், அவரிடம் போய் எதற்கு மறைக்க வேண்டும் என்று தோன்றலாம். அதற்கு அவருடைய வலது காலைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

மாஸ்டருக்கு இருபத்திரண்டு வருடமாக ஒரே சீட்டு. ஓட்டுகிறவரின் சீட்டு அல்ல, அதற்குப் பக்கத்து சீட்டு. பயிற்சிக் காரில் அங்கேயும் காலடியில், ஓட்டுகிறவரின் பெடலோடு சேர்ந்து இறங்குகிற ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்ள வந்தவர் ஏதோ நினைப்பில் காம்பவுண்டு சுவரோடு சம்பந்தம் பேசக் கிளம்பும்போது மாஸ்டரின் கால் அதை மிதிக்கும். வாய் திட்டுவதற்கு முன்னால், கண் சிமிட்டுவதற்கு முன்னால், கால் முந்திக்கொள்ளும். அப்படி அவர் ஒரு தடவை மிதித்தால் மாணவர் ஒரு டீ வாங்கித் தர வேண்டும் என்பது பள்ளியின் சட்டம். பயிற்சி மைதானத்து டீக்கடைக்காரர், மாஸ்டரிடம் நிறையப் பேர் சேர வேண்டும், சேர்ந்தவர்கள் சீக்கிரம் தேறிவிடக் கூடாது என்று தினமும் வேண்டிக்கொள்பவர்.

அந்தக் காலுக்கு ஞாயிறு விடுமுறையும் கிடையாது. பஸ்ஸில் ஏறினால் டிரைவருக்கு உதவியாக இவரும் மிதிப்பார். பல் டாக்டரின் நாற்காலி பின்னால் சாய்ந்தபோது மிதித்த மிதியில் காலடித் தகடு கழன்று டாக்டரின் கையோடு வந்தது. மகள் ஏறிய விமானம் கிளம்பியபோது, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு தரையை அமுக்கிப் பார்த்தார். அது ஒன்றுதான் நிற்கவில்லை.

மகள் போன பிறகு முழங்கால் வலி ஆரம்பித்தது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, எலும்பெல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். அவர் போட்டோ எடுத்த நேரம் தப்பு. மகள் போனில் பேசும்போது எடுத்திருக்க வேண்டும். "குளிர் ஜாஸ்திப்பா" என்பாள்; மேஜைக்கடியில் ஒரு மிதி. "இன்னிக்கு ரூம்மேட் சமைச்சா" என்பாள், ஒரு மிதி. "பரீட்சை சுமாராத்தான் எழுதினேன்" என்றால் நல்ல அழுத்தமாக ஒன்று. "நண்பன் ஒருத்தன்" என்று வாக்கியத்தை ஆரம்பித்தாளானால் அவள் முடிப்பதற்குள் மூன்று.

இப்படிப்பட்டவரிடம் வேனைப் பற்றி எப்படிச் சொல்வது?

கடைசியில் சொன்னது டீச்சரம்மா. ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர்; அறுபத்து மூன்று வயதில் கார் பழக வந்தவர். அதுவரை பதினேழு டீ கொடுத்திருந்தார். அன்று ரவுண்டானாவைச் சுற்றி அழகாகத் திருப்பிக்கொண்டே, "ஏன் மாஸ்டர், உங்க பொண்ணு லாரி ஓட்டுதாமே? ஒருத்தர் பத்து சக்கரங்கறார், இன்னொருத்தர் பதினாறுங்கறார். விடை ஒத்து வரலியே" என்றார்.

கார் ரவுண்டானாவில் பாதிச் சுற்றில் முரண்டு பிடித்த மாடு மாதிரி நின்றது. நாலு திசையிலும் ஹாரன்.

டீச்சரம்மா நிதானமாகத் திரும்பிப் பார்த்தார். "நான் சரியாத்தானே திருப்பினேன்? இப்ப எதுக்கு பிரேக்கு?"

மாஸ்டர் காலைப் பிரேக்கிலிருந்து எடுத்தார்.

"தேவைக்குப் போட்டா நான் டீ வாங்கறேன். தேவையில்லாம போட்டா நீங்கதான் வாங்கணும். கணக்குன்னா ரெண்டு பக்கமும் சரியா இருக்கணும் மாஸ்டர்" என்று சொல்லி, வண்டியைக் கிளப்பிக்கொண்டு டீக்கடைக்கே விட்டார். பள்ளியின் சட்டத்தில் அன்று ஒரு திருத்தம் வந்தது. மாஸ்டர் வாங்கித் தந்த டீயை டீச்சரம்மா ரசித்துக் குடிக்க, அவர் தன்னுடையதைத் தொடவேயில்லை.

அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. அது அவர் ஒருவருக்கு மட்டுமே தெரிந்த காரணம்.

ஊரார் பிள்ளைகளை இருபதே வகுப்பில் லைசென்ஸ் தேர்வுக்கு அனுப்புகிற மாஸ்டர், சொந்த மகளுக்கு இரண்டு வருடம் வகுப்பு எடுத்தார். "எப்பப்பா டெஸ்டு?" என்று கேட்டால், "இன்னும் ரெண்டே ரெண்டு கிளாஸ் கண்ணு" என்பார். அந்த இரண்டு வருடமும் அவள் ஒரு டீகூட வாங்கித் தந்ததில்லை. "அப்பாவே பிரேக் போடாத ஒரே ஸ்டூடண்ட் நான்தான்" என்று தோழிகளிடம் பெருமையடித்துக்கொண்டாள். உண்மை வேறு. ஒவ்வொரு தடவையும் அவள் மிதிப்பதற்கு அரை விநாடி முன்னால் மாஸ்டர் மிதித்துவிடுவார், பூப்போல, சத்தமில்லாமல். அவள் கால் போய்த் தொடும்போது பெடல் ஏற்கெனவே பாதி வழி இறங்கியிருக்கும். "பிரேக்கிங்ல உன்னை அடிச்சுக்க ஆளில்லை கண்ணு" என்று பாராட்டும் கிடைக்கும்.

ஆக, அவருடைய கணக்குப்படி மகள் பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூடத் தானாக பிரேக் போட்டதில்லை. இப்போது பக்கத்து சீட்டில் அப்பா இல்லாமல் எங்கேயோ ஓட்டிக்கொண்டிருக்கிறாள்.

வீட்டின் முன்னறைதான் பள்ளியின் ஆபீஸ். மனைவி அங்கே உட்கார்ந்து விண்ணப்பப் படிவங்களில் போட்டோ ஒட்டிக்கொண்டிருந்தார். மாஸ்டர் செருப்போடு உள்ளே வந்தார்.

"அவ லாரி ஓட்டறாளாமே?"

"லாரி இல்லீங்க, வேனு. காலேஜுக்குள்ள நடக்க முடியாதவங்களை ஏத்திட்டுப் போற சின்ன வேனு. படிக்கிற நேரம் போக வாரத்துல மூணு நாள். செருப்பைக் கழட்டுங்க."

"உனக்குத் தெரியுமா?"

"தெருவுக்கே தெரியுமே."

மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, இரண்டு வருடத்துப் பாவத்தையும் கொட்டித் தீர்த்தார். "அவளுக்கு பிரேக்கே போடத் தெரியாதும்மா. எல்லாம் நான் போட்டது. நான் அவளுக்குச் சொல்லித் தரலை, ஏமாத்தியிருக்கேன்."

மனைவி ஒரு போட்டோவை எடுத்துப் பின்புறம் பசை தடவினார். "அதை என்கிட்ட ஏன் சொல்றீங்க? அவகிட்டயே சொல்லுங்க" என்று போனை எடுத்துப் போட்டார்.

அங்கே அப்போது மதியம். மகள் வேன் நிறுத்துமிடத்தில் இருந்தாள். திரையில் அப்பாவின் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

"நேத்தே சொல்லணும்னு இருந்தேன்ப்பா."

"எத்தனை நாளா ஓட்டறே?"

"மூணு மாசமா."

"மூணு மாசமும் நேத்துதானா?"

அவள் சிரித்தாள். மாஸ்டர் சிரிக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, மனைவியிடம் சொன்னதையெல்லாம் மறுபடி சொன்னார். கடைசியில், "அதனால நீ இன்னியோட வண்டியை விட்டுடு கண்ணு. லீவுல வா, முதல்லேர்ந்து ஒழுங்கா சொல்லித் தரேன்" என்றார்.

"அப்பா, பெடல் தானா கீழ போனா கால் வெச்சிருக்கிறவளுக்குத் தெரியாதா? மூணாவது கிளாஸ்லயே தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"பாவம், நீங்க அவ்வளவு கஷ்டப்பட்டு ரகசியமா மிதிக்கிறீங்க, எப்படிச் சொல்றது? அம்மாதான் சொல்லித் தந்தாங்க."

மாஸ்டர் திரும்பினார். மனைவி போட்டோவைக் கோணலாக ஒட்டிவிட்டதாகப் பாவனை செய்து உரித்துக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். மாஸ்டர் வாரத்துக்கு ஒரு நாள் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு தேர்வுக்குப் போவார். போனால் மாலைதான் வருவார். வீட்டில் நிற்கும் பழைய பயிற்சிக் காரை அம்மாவும் மகளும் மைதானத்துக்கு எடுத்துப் போவார்கள். அம்மாவும் ஒரு காலத்தில் மாஸ்டரிடம் கற்றவர்தான். இருபது வகுப்பில் லைசென்ஸ் வாங்கியவர். அவர் பக்கத்து சீட்டில் ஏறியதும் முதல் வேலையாக இரண்டு காலையும் மடக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வார். "என் கால் வராது. நீயாச்சு, சுவராச்சு" என்பார்.

"ரெண்டு தடவை சுவருதான் ஆச்சு" என்றாள் மகள்.

"பின் பம்பர்ல நசுங்கியிருந்ததே, மாடு முட்டினதுன்னு சொன்னியே?" என்றார் மாஸ்டர் மனைவியிடம்.

"மாடு மாதிரிதான் முட்டினா" என்றார் மனைவி.

மாஸ்டருக்குக் கோபப்பட வேண்டும் என்று ஆசையாக இருந்தது. ஆனால் எந்த இடத்தில் ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "ஓட்டிக் காட்டு பார்ப்போம்" என்றார் கடைசியில். "போனை நீ தொடக் கூடாது. ஓட்டும்போது என்கிட்டப் பேசவும் கூடாது."

கூட நின்றிருந்த தோழி ஒருத்தி போனை வாங்கிக்கொண்டு பக்கத்து சீட்டில் ஏறினாள். வேன் கிளம்பியது. பின்னால் ஊன்றுகோலோடு ஒரு பையனும், கையில் கட்டுப் போட்ட பேராசிரியர் ஒருவரும் எந்தக் கவலையும் இல்லாமல் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. கண்ணாடி பார்க்கிறாளா? பார்த்தாள். திரும்புமுன் விளக்குப் போடுகிறாளா? போட்டாள். மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

ஒரு வளைவைத் தாண்டியதும் புல்வெளியிலிருந்து வாத்துக்கூட்டம் ஒன்று சாலையில் இறங்கியது. தாய் வாத்து முன்னால். குஞ்சுகள் பின்னால், எந்தச் சாலை விதியையும் கேள்விப்படாதவை.

வேன் நின்றது. குலுங்கவில்லை, கீச்சிடவில்லை, பால் பாத்திரத்தை மேஜையில் வைப்பது மாதிரி நின்றது. பேராசிரியர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஐயோ, என் காலு!" என்று அலறினார் மாஸ்டரின் மனைவி.

மேஜைக்கடியில் மாஸ்டரின் வலது கால், மனைவியின் பாதத்தை அடிவரைக்கும் மிதித்திருந்தது.

வாத்துகள் வரிசையாகக் கடந்து போயின. பிறகு மகள் வேனை ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, போனைக் கையில் வாங்கினாள்.

"அம்மா, நீ கத்தினது வண்டி நிக்கறதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

"அப்புறந்தான்" என்றார் அம்மா, பாதத்தைத் தேய்த்துக்கொண்டே. "வாத்துகூட நடக்க ஆரம்பிச்சிடுச்சு."

மாஸ்டர் தன் காலைப் பார்த்தார். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக அது பிந்திவிட்டது. முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொள்ள ரொம்பப் பாடுபட்டார். முடியவில்லை. உதடு முதலில் கைவிட்டது, பிறகு கன்னம், பிறகு வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். மனைவியும் ஒரு காலில் நின்றபடி சிரித்தார்.

மறுநாள் காலை மனைவி மறுபடி களிம்பு வாங்கப் போனார், இந்தத் தடவை தனக்காக. மாலைக்குள் காய்கறிக்கடையில் அவருக்குக் கால் எலும்பு மூன்று இடத்தில் முறிந்திருந்தது. அது போகட்டும்.

டீச்சரம்மாவின் திருத்தத்தை மகளுக்கு யார் சொன்னார்களோ, தெரியாது. தேவையில்லாமல் போட்ட பிரேக், எனவே அப்பா எனக்கு ஒரு டீ என்று அவள் தீர்ப்பே எழுதி அனுப்பிவிட்டாள். மாஸ்டர் மேல்முறையீடு செய்து பார்த்தார்: மிதித்தது பெடலையே அல்ல, பாதத்தை. டீச்சரம்மா வழக்கைக் கேட்டுவிட்டு, "மிதிச்ச எண்ணம் பிரேக்குதானே?" என்று தள்ளுபடி செய்தார்.

"அதுக்கென்ன, ஒரு டீதானே" என்றார் மனைவி, அடுத்த வாரம் டீக்கடையில் நின்றபோது. "இப்பவே வாங்குங்க. அவளுக்குப் பதிலா நான் குடிச்சுடறேன். கடன் தீர்ந்துடும்."

"அதெல்லாம் ஆகாது" என்றார் மாஸ்டர் அவசர அவசரமாக. "யாருக்குக் கடனோ, அவதான் வந்து குடிக்கணும்."