ராட்சசி என்கிற ஃபோல்டர்

அந்த ஆடி மாதம் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் என்னைப் படுத்தியதுபோல என் மாமியார்கூடப் படுத்தியதில்லை. மாமியாராவது என்ன குறை என்று வாய்விட்டுச் சொல்வார். இது சொல்லாது.

நான் வீட்டிலிருந்தே டி.டி.பி. வேலை செய்கிறவள். மந்தைவெளியில் வாடகை வீடு, இரண்டாம் மாடி. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி, அதன்மேல் காக்காய். அந்த ஜன்னலோரம் உட்கார்ந்துதான் கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக மலர், யாராவது சொந்தச் செலவில் போட்டுக்கொள்ளும் கவிதைப் புத்தகம் எல்லாவற்றையும் பக்கம் பக்கமாக அமைத்துத் திருவல்லிக்கேணியில் ஓர் அச்சகத்துக்கு அனுப்புகிறேன். அச்சக முதலாளியை எல்லாரும் பாய் என்போம். தங்கமான மனிதர். ஆனால் முகூர்த்த மாதம் நெருங்கினால் அவருக்கும் பொறுமை இருக்காது.

அவர்தான் போன் செய்தார். "அம்மா, நம்ம மெஷின மாத்தியாச்சு. உங்க பழைய சாஃப்ட்வேர்ல பண்ற ஃபைல் இனிமே இதுல ஓடாது. புதுசு வாங்கிட்டேன், உங்களுக்கும் சேர்த்துத்தான். போட்டுக்குங்க. ஆவணிப் பத்திரிகை எல்லாம் அதுலதான் வரணும்."

இதென்ன பிரமாதம், காலையில் போட்டுவிட்டு மத்தியானம் வேலையை ஆரம்பிக்கலாம் என்று நினைத்தேன். நினைப்புத்தான் பிழைப்பைக் கெடுக்கும். பச்சைக் கோடு ஜம்மென்று முக்கால்வாசி ஓடியது. அங்கே நின்று யோசித்தது. பிறகு வந்த வழியே திரும்பியது. சாண் ஏறினால் முழம் சறுக்கல் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். ஏதோ தவறு நேர்ந்துவிட்டது, மன்னிக்கவும் என்று ஒரு பெட்டி. என்ன தவறு என்று கேட்டால் அதற்கு வாயில்லை. கைக்குழந்தைகூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழும், எங்கே வலி என்று நமக்குத் தெரியும்.

மறுபடி போட்டேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். வைரஸ் காவலை நிறுத்திவிட்டுப் போட்டேன். இடம் போதவில்லையோ என்று பழைய மலர்களையெல்லாம் பென் டிரைவுக்கு மாற்றிவிட்டுப் போட்டேன். யூடியூபில் ஒரு பையன் இந்தியில் வழி சொன்னான். எனக்கு அதில் 'ரைட் கிளிக்' மட்டும் புரிந்தது, அதையும் செய்தேன். மேசையில் ஓங்கி ஒரு அடி வைத்தேன். மவுஸ் என்கிற அந்த எலி குதித்தது, கோடு நகரவில்லை.

லஸ் பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர் எங்களுக்குப் பழக்கம். கூப்பிட்டதும் ஸ்கூட்டரில் வந்தார்.

"இன்னாக்கா, எல்லாம் கரெக்டாத்தானே கீது? ஏன் ஏற மாட்டேங்குது?" என்றார்.

"அதைக் கேக்கத்தானே உங்களக் கூப்பிட்டேன்."

அவரும் நோண்டினார். நடுவில் கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்பப் போட்டபோது, திரையில் நல்வரவு சொல்லும் இடத்தில் எழுந்த பெயரைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"யாருக்கா இது, ராட்சசி?"

"நான்தான்."

அதற்கப்புறம் அவர் என்னிடம் ரொம்ப மரியாதையாகப் பேசினார். "ஃபார்மட் அடிச்சிடலாம்க்கா, மொத்தமா தொடச்சிட்டுப் புதுசா போட்டா கிளீனா ஏறிடும்," என்றார். வேண்டாம் என்றேன். காபி கொடுத்து அனுப்பினேன்.

ராட்சசி என்று வைத்தது என் வீட்டுக்காரர். கல்யாணமான புதிதில் ஒருநாள் எதற்கோ கோபம் வந்து எவர்சில்வர் டம்ளரைச் சுவரில் எறிந்தேன். அது நெளிந்து, உருண்டு, அவர் காலடியில் போய் நின்றது. குனிந்து எடுத்துப் பார்த்தார். "ஏட்டி, நீ ராட்சசில்லா!" என்றார். திருநெல்வேலிப் பக்கத்து ஆள். ஊரை விட்டு வந்து முப்பது வருஷம் பட்டணத்தில் குப்பை கொட்டியும் அந்த 'ஏட்டி' போகவே இல்லை. அன்றைக்குப் பிடித்தது அந்தப் பெயர். ராட்சசி, காபி கொண்டா. ராட்சசி, என் சட்டை எங்கே. ராட்சசி தூங்கிட்டாளா. கோபத்தில் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கோபம் வந்தால் என் நிஜப் பெயரைச் சொல்வார், அப்போதுதான் எனக்குப் பயமாக இருக்கும்.

தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் இருந்தார். நாள் முழுக்க நின்றுகொண்டே பிரித்துக் காட்டுவதும் மடித்து வைப்பதும். வார விடுமுறையன்று மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து அனுபவிப்பார். அப்படியொரு நாளில்தான், பழைய டிஸ்க் செத்துப் புதிது மாட்டிய கம்ப்யூட்டர், முதல் முறையாக எழுந்து உன் பெயர் என்ன என்று கேட்டது. நான் அடுப்படியில் இருந்தேன். ஒற்றை விரலால் தமிழ் எழுத்தைத் தேடித் தேடி அவரே அடித்துவிட்டார். நான் வந்து பார்த்தபோது திரை முழுக்க நல்வரவு, ராட்சசி.

"ஐயோ, யாராவது பாத்தா என்ன நினைப்பாங்க?"

"உள்ளதத்தானட்டி போட்டிருக்கேன்?" என்றார்.

மாற்றச் சொல்லிக் கத்தினேன். நாளைக்கு, நாளைக்கு என்றார். அப்புறம் நானும் மறந்தேன். போன வருஷத்துக்கு முந்தைய வருஷம், தீபாவளி வியாபாரம் முடிந்த வாரம், கடையிலேயே மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நாள் முழுக்க நிற்கிற மனிதர் உட்கார்ந்துவிட்டாரே என்று கூட இருந்தவர்கள் ஓடி வந்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை.

அதற்குப் பிறகு எல்லாரும் என்னிடம் மெதுவாகப் பேசுகிறார்கள். கீழ்வீட்டு மாமி மெதுவாகப் பேசுகிறார், பாய் மெதுவாகப் பேசுகிறார், என் நாத்தனாருக்குக்கூடக் குரல் இறங்கிவிட்டது. நான் சிடுசிடுத்தாலும் பாவம் என்று விட்டுவிடுகிறார்கள். எனக்குப் பாவம் வேண்டாம். என் கோபத்தைப் பார்த்துச் சிரிக்கிற ஓர் ஆள் வேண்டும். காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால் அந்த நான்கு எழுத்து வரும். மூன்று விநாடி இருக்குமோ என்னவோ. அதற்காகவே வேலை இல்லாத நாளிலும் போடுவேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

என் மகள் தரமணியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். இத்தனை கூத்தும் நடந்த பிறகு, ஒரு சாயங்காலம் முகம்கூடக் கழுவாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். சாஃப்ட்வேர் ஏறும்போது எங்கே என்ன நடந்தது என்று தனக்குத்தானே எழுதி வைத்துக்கொள்ளுமாம். அந்த ஃபைலைத் தேடித் திறந்தாள். எறும்புக்கூட்டமாக இங்கிலீஷ். கடைசியில் ஒரு வரியில் மட்டும் வரிசையாகக் கேள்விக்குறிகள்.

"இதோ, இந்தக் கேள்விக்குறிதாம்மா நீ," என்றாள்.

"என்னடி உளர்றே?"

"சாஃப்ட்வேரு உன் பேர்ல இருக்கிற ஃபோல்டருக்குள்ள போய்த்தான் தன் சாமானை எல்லாம் பிரிக்குது. அந்த ஃபோல்டர் பேரு ராட்சசி. அதுக்கு இங்கிலீஷ் எழுத்துதான் தெரியும். தமிழைப் பாத்ததும் முழிச்சிட்டுத் திரும்பி வந்துடுது."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. தமிழ் எழுத்தை அடுக்கியே சோறு தின்கிறவள் நான். என் வீட்டுக்குள்ளேயே தமிழ் எழுத்து ஆகாதா? அப்படிப்பட்ட சாஃப்ட்வேர் எனக்கு எதற்கு என்று ஊரெல்லாம் கேட்கிற மாதிரி கத்தினேன். மகள் சிரித்துக்கொண்டே என்னை முடிக்கவிட்டாள்.

"அந்த ஃபோல்டர் பேரை மட்டும் மாத்த முடியாதா?" என்று கேட்டேன்.

"வெளிய தெரியறது மாறும், உள்ள ஃபோல்டர் மாறாதும்மா. புதுசா ஒரு அக்கவுண்ட் போடணும். இங்கிலீஷ்ல. உன் வேலை எல்லாம் அங்க மாத்திக்கலாம். இது பாட்டுக்கு இது இருக்கட்டும்."

இருக்கட்டும் என்று சொல்வது சுலபம். இறந்தவருடைய சட்டையும்தான் பீரோவில் இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்ள ஆளா இருக்கிறது? என் வேலையெல்லாம் புது இடத்துக்குப் போய்விட்டால் காலையில் நான் எழுந்து எதைத் திறப்பேன்? பழையதற்குள் போக ஒரு காரணமும் இருக்காது. முதலில் தினம் போவேன், அப்புறம் வெள்ளிக்கிழமை போவேன், அப்புறம் அவருடைய திதிக்குப் போவேன். எனக்கு என்னைத் தெரியும்.

"வேண்டாம்," என்றேன்.

"வேலை போயிடும்மா."

"போகட்டும்."

போகட்டும் என்று சொன்னேனே தவிர, அந்த வாரம் முழுக்க வாடகையையும் பால் பாக்கியையும் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். மகள் சம்பளத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம். ஆனால் அவளுக்கும் ஒரு கல்யாணம் காட்சி இருக்கிறது, எனக்கும் கை சும்மா இருந்தால் பைத்தியம் பிடிக்கும். சனிக்கிழமை பாய் கூப்பிட்டார். "அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க, ஜாம்பஜார்ல ஒருத்தர் கேட்டுக்கினே இருக்காரு. அவர்கிட்ட குடுத்துடவா?" என்றார். அவர் குரல் அன்று மெதுவாக இல்லை. அது எனக்கு ஒருவிதத்தில் நன்றாகத்தான் இருந்தது. திங்கட்கிழமை தயாராகிவிடும் என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மகளிடம், "என்னமோ பண்ணு, நான் பாக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டு மீன் வாங்கப் போய்விட்டேன். நொச்சிக்குப்பத்துப் பெண் ஒருத்தி எனக்கு வாடிக்கை. "இன்னாக்கா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?" என்றாள். வெயில் என்றேன். நாலு சங்கரா மீன் வாங்கிக்கொண்டு வந்தேன்.

நான் வந்தபோது அவள் எல்லாவற்றையும் முடித்து வைத்திருந்தாள். "கண்ணை மூடிக்கோ," என்று என்னை நாற்காலியில் உட்காரவைத்தாள். குரலில் ஒரு குதூகலம். கண்ணைத் திறந்தால் திரையில் நல்வரவு, ராட்சசி.

"இது புது அக்கவுண்ட், பழசு அப்படியேதான் இருக்கு. உள்ள ஃபோல்டர் இங்கிலீஷ்தாம்மா, அதனால சாஃப்ட்வேர் ஏறும். வெளிய என்ன பேரு வேணா வெச்சுக்கலாம், அதான் இதையே போட்டுட்டேன். எப்படி?"

அதே நான்கு எழுத்து. அதே நீல எழுத்து. ஆனால் அது இல்லை. யாரோ அவர் குரலில் பேசிக் காட்டுகிற மாதிரி இருந்தது.

"எடுடி அதை," என்றேன்.

"ஏம்மா?"

"எடுன்னா எடு! அவர் போட்டதும் நீ போட்டதும் ஒண்ணா? உனக்கு யார் அந்த உரிமையைக் குடுத்தது? நீ யாரு என்னை அப்படிக் கூப்பிட?"

சொல்லும்போதே தெரிந்தது, அதிகம் பேசுகிறேன் என்று. நிறுத்த முடியவில்லை. என் கத்தலுக்கு அவள் எப்போதும் பதிலுக்குக் கத்துவாள், அல்லது அப்பாவைப் போல சிரித்து மழுப்புவாள். அன்று இரண்டும் இல்லை. எலியைப் பிடித்து, அந்தப் பெயரை அழித்து, என் நிஜப் பெயரை அடித்தாள். பிறகு திரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"உனக்காவது எழுதி வெச்சுட்டுப் போயிருக்காரும்மா. தினம் போட்டுப் பாத்துக்கிறே. என்னை அவர் கூப்பிட்டது எங்க இருக்கு? நான் எந்த ஃபோல்டர்ல போய்த் தேடுறது?"

எழுந்து அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். காலையில் நான் போடுவதை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். என் துக்கம், என் துக்கம் என்று அதை நான் மட்டும் கட்டிக்கொண்டு கிடந்தேன். இந்த வீட்டில் இன்னொருத்தியும் பறிகொடுத்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாமலா இருந்தது? தெரியும். ஆனால் அவள் காலையில் ஆபீஸ் போனாள், சிரித்தாள், போனில் பேசினாள், நான் அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன்.

சாஃப்ட்வேரைப் போட்டேன். பச்சைக் கோடு முக்கால்வாசி வந்தது, நிற்காமல் போய்க் கடைசியைத் தொட்டது. வெற்றிகரமாக முடிந்தது என்று பெட்டி வந்தது. எத்தனை நாள் தவம். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. எழுந்து போய் மீனைக் கழுவி, குழம்பு வைத்து, இரண்டு துண்டு வறுத்தேன். தட்டு போட்டேன்.

மகளைப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். இன்னொரு தடவை கூப்பிட்டேன். ஃபேன் ஓடுகிற சத்தம்தான் கேட்டது.

பள்ளிக்கூடத்தில் படிக்கிற நாளிலிருந்தே அவள் எதற்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி கேட்பாள். அதனால் அவர் அவளை வக்கீலம்மா என்பார். கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவார், வக்கீலம்மா சாப்பிட்டாச்சா, வக்கீலம்மாவுக்கு இன்னிக்கு என்ன கேஸ் என்று. 'தோ வரேன்ப்பா' என்று உள்ளேயிருந்து பதில் வரும். நான் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அது அவர்கள் இரண்டு பேருக்குள்ளே இருந்த விஷயம். காலையில்தான் அந்தக் கத்துக் கத்தியிருக்கிறேன், நீ யாரு கூப்பிட என்று. இப்போது நான் யாரு? கதவுக்கு வெளியே நின்றேன். அவர் கூப்பிடுகிற மாதிரியே கடைசி எழுத்தை இழுத்துக் கூப்பிட்டேன்.

"வக்கீலம்மா... சோறு ஆறுது, வா."

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது.

"தோ வரேன்ப்பா," என்றாள்.

கதவு திறக்க வெகு நேரமாயிற்று. நான் நகரவில்லை.