கொடுமைப் பட்டியலும் ஒரு கையெழுத்தும்

"நான் உன்னை என்னவெல்லாம் கொடுமைப்படுத்தியிருக்கேன்னு கொஞ்சம் யோசிச்சுச் சொல்லேன்."

என் கணவர் இப்படிக் கேட்டது ஒரு சனிக்கிழமை காலையில். நான் அப்போதுதான் ஜான்-டலோன் சந்தையிலிருந்து வந்து கத்திரிக்காயைச் சமையலறை மேஜையில் கொட்டியிருந்தேன். அவர் எதிரே உட்கார்ந்து, வெள்ளைத் தாளில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, ஓரத்தில் ஒன்று முதல் பத்து வரை எண் எழுதி வைத்திருந்தார். எண்களுக்கு எதிரே எல்லாம் காலியாக இருந்தது. இஞ்சினியர் புத்தி. கொடுமையைக்கூட வரிசை எண் போட்டுத்தான் செய்வார்.

"எதுக்கு?" என்றேன்.

"விவாகரத்துக்கு."

எனக்கு முன்கோபம் உண்டு. கையிலிருந்த கத்திரிக்காயை அவர் மேல் எறிந்தேன். அது தோளில் பட்டு உருண்டது. அவர் குனிந்து எடுத்து, துடைத்து, மற்றக் காய்களோடு வைத்துவிட்டு, பொறுமையாக விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்.

அறுபத்தொன்பதின் தொடக்கத்தில் நாங்கள் மாண்ட்ரியல் வந்தோம். சென்ட் லோரன்டில் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு வேலை. வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஒரு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டார். குடல்வால் வெடித்து வயிறெல்லாம் சீழ் பரவியிருந்தது. இரண்டு ஆபரேஷன், ஆறு வாரம் படுக்கை. புதிதாக வந்தவர்களுக்கு மூன்று மாதம் கழித்துத்தான் மாகாணத்தின் ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ். டாக்டர் ஃபீஸுக்கோ அப்போது யாருக்குமே அரசாங்கம் தருவதில்லை. அவர் எழுந்து நடமாட ஆரம்பித்தபோது வேலை போயிருந்தது, பில் வந்திருந்தது. அவருடைய ஒரு வருடச் சம்பளத்தைவிடப் பெரிய பில். மருந்து கம்பெனி ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் எனக்குக் கிடைத்த சம்பளத்தில்தான் வாடகையும் அரிசியும்.

தெரிந்தவர் சொல்லி அவர் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். அவர் திவால் மனு போட்டால் கடன் தீர்ந்துவிடும். ஆனால் மனைவி என்று ஒருத்தி இருந்தால் அவள் சம்பளத்தின் மேல் கை வைப்பார்களோ என்று இவருக்குப் பயம். அதனால் முதலில் என்னை வெட்டிவிட்டு, பிறகு தனியாக மூழ்கலாம் என்று திட்டம். நாட்டில் விவாகரத்துச் சட்டம் அப்போதுதான் மாறியிருந்தது. வேறொரு பெண்ணோடு தொடர்பு அல்லது கொடுமை, இப்படி ஏதாவது காரணம் காட்ட வேண்டுமாம்.

"பொம்பளை விஷயம் வேண்டாம்னு பார்த்தேன். யாரும் நம்ப மாட்டாங்க. கொடுமைன்னா நாலைஞ்சு உதாரணம் கேக்கறார். ராத்திரி முழுக்க யோசிச்சேன், ஒண்ணும் வரலை."

"இதோ இது ஒண்ணு போதாதா? எழுதுங்க. ஆறு வருஷம் சமைச்சுப் போட்டவளைக் கேக்காம வெட்டிவிடப் பார்த்தது."

அவர் நிஜமாகவே பேனாவைத் திறந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கும்போதே அழுகையும் வந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு அவர் சட்டை இரண்டு சுற்று பெரிதாகத் தொங்கியது. அந்தச் சட்டைக்குள் இருந்துகொண்டு என்னைக் காப்பாற்றப் பார்க்கிறாரே என்று நினைத்தால் தாங்கவில்லை. இந்த மனிதரை யாருக்காகவும் விடமாட்டேன் என்று அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை நானும் வக்கீலிடம் போனேன். வயதானவர், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். நான் இவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, இவருடைய மஃப்ளரைச் சரிசெய்ததைப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"இருவரும் பேசிவைத்துக்கொண்டு வந்தால் எந்த நீதிபதியும் விவாகரத்துத் தரமாட்டார்" என்றார். "அது தேவையும் இல்லை. நீங்கள் இந்தியாவில் திருமணம் செய்தவர்கள். அந்தச் சட்டப்படி அவருடைய கடன் அவருடையது, உங்கள் சம்பளம் உங்களுடையது. அவர் மட்டும் திவால் மனு போடட்டும். நீங்கள் எதிலும் கையெழுத்துப் போடவில்லையே?"

இவர் நிம்மதியாக என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கோ ஆஸ்பத்திரிப் படிவம் ஞாபகம் வந்தது.

ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, மேஜைக்குப் பின்னால் இருந்த பெண், நோயாளியின் பெயரைக் கேட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. கட்டினவர் பெயரைச் சொல்லக்கூடாது என்று வளர்ந்தவள் நான். பி.எஸ்ஸி. படித்தும் அது போகவில்லை. அவரை ஸ்ட்ரெச்சரில் உருட்டிக்கொண்டு போன அந்த நேரத்தில் அவர் பெயரைச் சொல்லி, அவர் ஆயுசுக்கு ஏதாவது வந்துவிட்டால் என்ன செய்வது? எழுதித் தருகிறேன் என்று சைகை காட்டினேன். எனக்கு ஆங்கிலம் பேச வராது என்று நினைத்தோ என்னவோ, அவள் முழுப் படிவத்தையும் என் பக்கம் தள்ளினாள். அவர் பெயரை எழுதினேன். கீழே பெருக்கல் குறி போட்டிருந்த இடத்தில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எல்லாச் செலவுக்கும் நானே பொறுப்பு என்று சொல்லும் இடம் அது.

வக்கீலிடம் இதைச் சொன்னேன். அவர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். இவர் திவாலானால் மொத்தக் கடனும் என் தலையில் விழும் என்றார். பிறகு என்னை மட்டும் பார்த்து, மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோல் கேட்டார்.

"ஊருக்குப் புதியவர். கணவர் சாகக்கிடந்தார். படிக்காமல் கையெழுத்துப் போட்டீர்கள், இல்லையா? அப்படியானால் நான் வாதாடிப் பார்க்கலாம்."

இவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். ஆமாம் என்று சொல், என்று அர்த்தம்.

"படிச்சுட்டுத்தான் போட்டேன்" என்றேன் ஆங்கிலத்தில்.

வக்கீல் பெருமூச்சு விட்டார். திவால் பேச்சு அதோடு முடிந்தது. அவரே ஆஸ்பத்திரிக்கும் டாக்டர்களுக்கும் எழுதி, எல்லாவற்றையும் ஒன்றாக்கி மாதத் தவணைக்குச் சம்மதம் வாங்கித் தந்தார். தன் ஃபீஸ் என்று ஒன்றும் கேட்கவில்லை. பதிலுக்கு நான் கொண்டுபோய்க் கொடுத்த மைசூர்பாகை உடைக்க அவர் என்ன பாடுபட்டாரோ, தெரியாது.

திரும்பும்போது பஸ்ஸில் இவர் கேட்டார், "நிஜமாவே படிச்சியா?"

"படிக்காம போடுவேனா?"

இப்போது சொல்வதற்கென்ன, நான் படிக்கவில்லை. ஒரு எழுத்துகூடப் படிக்கவில்லை. படித்திருந்தாலும் அந்த இடத்தில்தான் போட்டிருப்பேன், ஆகவே அது பொய் என்று எனக்குத் தோன்றவில்லை.

அவருக்கு டோர்வல் விமான நிலையத்தில் சரக்கு இறக்கும் இடத்தில் வேலை கிடைத்தது. படிப்புக்கேற்ற வேலைக்கு மேலும் இரண்டு வருடம் ஆயிற்று. எழுபதிலேயே டாக்டர் செலவையும் அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. கொஞ்சம் பொறுத்து வெடித்திருக்கக்கூடாதா உங்கள் குடல்வால் என்று அவரை எத்தனை முறை கேட்டிருப்பேன். "அதையும் கொடுமைல சேர்த்துக்கோ" என்பார். மாதாமாதம் செக் எழுதித் தபாலில் சேர்ப்பது அவர் வேலை, தபால்தலை ஒட்டுவது என் வேலை.

கடைசித் தவணையை மட்டும் எழுபத்துநாலில் நேரிலேயே கொண்டுபோனோம். அதே ஆஸ்பத்திரி. அவர் படி ஏறின களைப்பில் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண், நோயாளியின் பெயரைக் கேட்டாள். கேட்டுக்கொண்டே ஒரு தாளையும் பேனாவையும் என் பக்கம் நகர்த்தினாள்.

இங்கே பேனாவை எடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நான் அதைத் தொடவில்லை. வாயைத் திறந்து அவர் பெயரைச் சொன்னேன். பழக்கமில்லாததால் தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது.

பெஞ்சிலிருந்து அவர் சட்டென்று எழுந்து நின்றார். யாரோ ஆபீஸர் கூப்பிடுகிறார் என்று நினைத்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு அங்கும் இங்கும் பார்த்தார். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அந்தக் குரலில் அவர் தன் பெயரைக் கேட்டதில்லை.

"யார் கூப்பிட்டது?" என்றார்.

"நான்தான்" என்றேன்.